24 வோல்ட் என்னும் மூடபக்தி

மலேசியாவின் பந்திங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களிலும், லங்காட் ஆற்றங்கரைச் சிறு நிலக்காரர்களின் கொட்டகைகளிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிற பழைய மேஸி பெர்குசன் டிராக்டர்களைக் குறித்து ஒரு சித்தாந்தம் நெடுநாளாக வேரூன்றி நிற்கிறது. வயதான இயந்திரத்துக்கு 12 வோல்ட் போதாது. விடியற்காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டு முடிந்து ஆட்கள் கலையும் நேரத்தில் அது முனகிக்கொண்டு நின்றுவிட்டால், குலை ஏற்றும் லோரியை அருகில் கொண்டுவந்து, அதன் இரண்டு பாட்டரிகளையும் சேர்த்த 24 வோல்ட்டைக் கனத்த வயர் வழியே ஒரு கணம் பாய்ச்சினால் போதும், சத்தம் போட்டுக்கொண்டு எழுந்துவிடும். அந்தக் காலத்து இரும்பு, அதற்கு ஒரு கேடும் வராது என்பதே அச்சித்தாந்தம். போர்மேன் இதை நம்புகிறார், டிரைவர் நம்புகிறார், பட்டறையில் எடுபிடியாக இருக்கும் பையனும் ஆறு மாதத்துக்குள் இந்த மந்திரோபதேசத்தைப் பெற்றுவிடுகிறான். இது அனுபவத்தின் பெயரால் நிலவும் அஞ்ஞானம் என்பதும், எந்த நோயைத் தீர்ப்பதாகச் சொல்லப்படுகிறதோ அந்த நோயையே இது வளர்க்கிறது என்பதும் என் துணிபு.

எதிர்த் தரப்பாரின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைக்காமல் மறுக்கப் புகுவது நியாயமன்று. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேராவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறி மதிப்புக் குறைகிறது. ஆகவே டிராக்டர் நின்றுபோனால் தாமதமாவது அந்த ஒரு வண்டியின் வேலை மட்டுமன்று, அன்றைய வெட்டு முழுவதுமே. அப்படிப்பட்ட அவசரத்தில் கைக்கெட்டிய உபாயத்தைக் கையாளுவது மனித சுபாவம். அந்த உபாயம் பத்துக்கு ஒன்பது தடவை பலிக்கவும் செய்கிறது. பலித்த ஒன்றைப் பார்த்து, பலிக்கக் கூடாது என்று சாஸ்திரம் பேசுகிறவனைத் தோட்டத்து ஜனங்கள் பரிகாசம் செய்வதில் வியப்பில்லை. ஆயினும், பலிப்பது ஏன் என்ற கேள்வியை இவர்களில் ஒருவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. அக்கேள்விக்கு விடை கிடைத்த மாத்திரத்தில் சித்தாந்தம் தானே ஆட்டம் காணும்.

முதலில் இந்த இயந்திரங்கள் எங்கே, எந்தச் சீதோஷ்ணத்தை மனத்தில் கொண்டு படைக்கப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். மேஸி பெர்குசன் 35 என்ற சிவப்பும் சாம்பலுமான சிறு டிராக்டரும், 1964-ஆம் ஆண்டின் இறுதியில் அதன் வாரிசாக வெளிவந்த 135-ம் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்துப் பானர் லேன் தொழிற்சாலையில் உருவானவை. அவற்றின் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் பீட்டர்பரோ நகரத்துப் பெர்கின்ஸ் கம்பெனியின் படைப்பு. அந்தக் கம்பெனியையே 1959-இல் மேஸி பெர்குசன் விலைக்கு வாங்கிக்கொண்டது. ஜனவரி மாதத்து இங்கிலாந்தில், உறைபனி படிந்த கொட்டகையில், எஞ்சின் எண்ணெய் பாகாக இறுகிக் கிடக்கும்போது, ஒரே ஒரு 12 வோல்ட் பாட்டரியைக் கொண்டு புறப்பட வேண்டும் என்பதுதான் அந்தப் பொறியாளர்களுக்கு இடப்பட்ட நிபந்தனை. அந்தக் குளிரில் பாட்டரியின் உந்து வலிமையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்துவிடும் என்பதையும் அவர்கள் அறிவார்கள். ஆகவே உள்ளிழுக்கும் காற்றைச் சுடவைக்க ஒரு சிறு சுடர்க்கருவியையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

பந்திங்கில் விடியற்காலையின் உஷ்ணம் 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். எண்ணெய் இளகியே இருக்கிறது. பாட்டரி தன் முழு வலிமையோடு இருக்கிறது. அழுத்தத்தால் தீப்பற்றும் டீசல் எஞ்சினுக்கு இதைவிட இணக்கமான சூழ்நிலை வேண்டுவதில்லை. கவன்ட்ரியின் பனியில் 12 வோல்ட்டுக்கு எழுந்த இயந்திரம், இங்கே மோரிப் கடற்காற்றில் 24 வோல்ட் கேட்கிறதென்றால், அதற்கு வயதாகிவிட்டது என்று அனுதாபப்படுவதோடு நின்றுவிடுவதா, அதன் உடம்பில் எங்கோ ஒரு கோளாறு புகுந்திருக்கிறது என்று தேடுவதா? சென்னையில் 1960-இல் தொடங்கப்பட்ட டாஃபே கம்பெனி இதே குடும்பத்து டிராக்டர்களைச் செய்து தமிழ்நாட்டு வயல்களில் இறக்கியது. அங்கே தஞ்சாவூர்க் கோடையிலும் அவை 12 வோல்ட்டிலேயே ஓடின.

கோளாறு எங்கே என்று கேட்டால், பாட்டரி என்பார்கள். பெரும்பாலும் அன்று. ஒரு ஸ்டார்ட்டர் மோட்டார் இத்தகைய எஞ்சினைச் சுழற்றும்போது ஏறக்குறைய 300 ஆம்பியர் மின்சாரத்தை உறிஞ்சுகிறது. வீட்டு விளக்குக்கு ஓடும் மின்சாரத்தோடு பழகிய நமக்கு இதன் பிரமாணம் மனத்தில் படுவதில்லை. இவ்வளவு பெரிய ஓட்டம் பாட்டரியின் முனையிலிருந்து புறப்பட்டு, கவ்வி, கேபிள், சுவிட்சு, மோட்டார் ஆகியவற்றைக் கடந்து, எஞ்சினின் இரும்புடலில் இறங்கி, அங்கிருந்து ஒரு பட்டை வயர் வழியே பாட்டரியின் மற்ற முனைக்குத் திரும்பியாக வேண்டும். இந்தப் பாதையில் எங்கேனும் ஓரிடத்தில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை புகுந்தாலும், ஓமின் விதிப்படி அங்கே 3 வோல்ட் விழுந்துபோகும். உழைக்கும் வேளையில் நல்ல பாட்டரியே பத்தரை வோல்ட் அளவுக்கு இறங்கும். அதிலும் 3 போனால் மோட்டாருக்குக் கிடைப்பது ஏழரை. எஞ்சின் முனகுகிறது. நூறில் ஒரு பங்கு ஓம் என்பது கண்ணுக்குத் தெரியும் பொருளன்று. கவ்விக்கும் முனைக்கும் நடுவே படிந்த வெள்ளைப் பொடியின் மெல்லிய படலமே அதற்குப் போதும்.

வாய்க்கால் தூர்ந்து கிடக்கும்போது, ஏரியின் கரையை இரட்டிப்பு உயரத்துக்கு எழுப்பித் தண்ணீரைத் தள்ளுவதுதான் 24 வோல்ட் வைத்தியம். பயிருக்கு அன்றைக்குத் தண்ணீர் எட்டலாம். தூர் அங்கேயேதான் கிடக்கும்.

இன்னும் ஒரு படி மேலே சென்று பார்ப்போம். 300 ஆம்பியர் ஓடும்போது அந்தக் கெட்ட இணைப்பில் 900 வாட் உஷ்ணம் பிறக்கிறது. மின்னழுத்தத்தை இரட்டித்து ஓட்டம் 500 ஆம்பியராகிவிட்டால் உஷ்ணம் 2,500 வாட். உஷ்ணத்தால் துரு மிகுகிறது. ஈயக் கவ்வி இளகித் தளர்கிறது. செப்பு இழைகள் கறுத்து வெடிப்பாகின்றன. தடை மேலும் ஏறுகிறது. ஆக, இன்றைக்கு 24 வோல்ட்டில் எழுந்த டிராக்டர் நாளைக்கு 12 வோல்ட்டில் எழுவதற்கான யோக்கியதையை இன்றைய வைத்தியத்தாலேயே இழந்துவிடுகிறது. அடுத்த வாரம் லோரி தினந்தோறும் வேண்டியிருக்கும். அப்போது போர்மேன், நான் அன்றைக்கே சொல்லவில்லையா, இந்த வண்டிக்கு 12 போதாது என்று, எனத் தம் தீர்க்கதரிசனத்தைப் பாராட்டிக்கொள்வார். தான் உண்டாக்கிய வியாதியையே தன் சித்தாந்தத்துக்குச் சாட்சியாக நிறுத்தும் சாமர்த்தியம் மூடபக்திகள் எல்லாவற்றுக்கும் உண்டு.

இந்தப் பிரதேசத்தில் அந்த வெள்ளைப் பொடிப் படலம் இவ்வளவு விரைவாகப் படிவதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை. பந்திங் அடங்கிய குவாலா லங்காட் கடலோரத்து மண் களியும் சேறுமான மண். 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி மோரிப் கடற்கரையில் வந்திறங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படையின் வாகனங்கள் பல சேற்றில் புதைந்தும் கடல்நீர் புகுந்தும் அங்கேயே நின்றுபோன கதை இவ்வூர் முதியவர்களுக்குத் தெரியும். இந்த ஈரத்தோடு உப்புக் காற்றும் சேர்கிறது. இவ்விரண்டையும் விடக் கொடியது உரம். குலை இழுக்காத நாட்களில் இதே டிராக்டர்தான் அமோனியம் சல்பேட்டையும் பொட்டாசியம் குளோரைடையும் வரிசை வரிசையாகச் சுமந்து செல்கிறது. முன்னதன் அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். பின்னதன் குளோரைடு இரும்பைத் தின்னும். பாட்டரிப் பெட்டியில் படிந்த அந்தத் தூசி இரவுப் பனியில் நனைந்து, முனைக்கு முனை மெல்லிய கசிவையும் உண்டாக்கி, ஓய்ந்திருக்கும் பாட்டரியையும் வடியச் செய்கிறது. செம்பனைத் தோட்டத்துக்கே உரிய எலிகளின் கைங்கரியம் வேறு. எலியைத் தின்னக் கூகைக்குக் கூண்டு கட்டிக் கொடுக்கிற நிர்வாகம், அதே எலி கடித்த வயரைச் சோதிக்க ஓர் ஆளைப் போடுவதில்லை. இவையெல்லாம் போதாதென்று, வண்டியைப் புதுப்பிக்கிறேன் என்று புறப்படுகிறவர் திரும்பு வயர் இறங்கும் இடத்திலும் பளபளவென்று சிவப்பு வர்ணம் பூசி, அதன் மேலே போல்ட்டை முடுக்கிவிடுகிறார். வர்ணம் மின்சாரம் கடத்தாது என்பது அழகுணர்ச்சியின் உத்வேகத்தில் மறந்துபோகிறது.

பாட்டரிதான் குற்றவாளி என்பதற்கு இன்னொரு வாதமும் சொல்வதுண்டு: தோட்டத்து வேலையில் டிராக்டர் அடிக்கடி நிறுத்தப்பட்டு அடிக்கடி ஸ்டார்ட் செய்யப்படுகிறது, பழைய டைனமோ அந்த நஷ்டத்தை ஈடு செய்ய முடிவதில்லை. கணக்குப் போட்டால் இதன் பொய்மை வெளிப்படும். ஆரோக்கியமான எஞ்சின் மூன்று விநாடியில் எழும். 300 ஆம்பியர் வீதம் மூன்று விநாடிக்குச் செலவாவது கால் ஆம்பியர்-மணி. அக்காலத்து மூடிய டைனமோ தந்த 11 ஆம்பியரைக் கொண்டே அதை ஒன்றரை நிமிஷத்தில், இழப்பையும் சேர்த்தால் இரண்டு நிமிஷத்தில், திருப்பிக் கொடுத்துவிடலாம். குலை ஏற்றும் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே அவ்வளவு நேரம் எஞ்சின் ஓடாதா? டைனமோ கொடுக்கவில்லை என்றால் அதன் பிரஷ் தேய்ந்திருக்க வேண்டும், பெல்ட் தளர்ந்திருக்க வேண்டும், அல்லது கட்டுப்பாட்டுப் பெட்டியின் தொடுமுனைகள் கரிந்திருக்க வேண்டும். இம்மூன்றில் எதையும் லோரியின் பாட்டரி குணப்படுத்தப் போவதில்லை. டைனமோவைக் கழற்றி எறிந்துவிட்டு ஆல்ட்டர்னேட்டர் பூட்டினால் சகலமும் சரியாகும் என்பாரும் உளர். பூட்டட்டும், நல்லதுதான், ஆனால் தூர்ந்த திரும்பு வயர் தூர்ந்தபடியே இருக்கும். இந்த டிராக்டர்களின் மின்கருவிகளைச் செய்த லூகாஸ் கம்பெனியை இருளின் இளவரசன் என்று ஆங்கிலேயரே கேலி செய்வதைக் கேட்டு, பிறவியிலேயே பிழை என்று முடிவு கட்டுவது சோம்பேறிகளுக்குச் சௌகரியமான வேதாந்தம்.

24 வோல்ட்டின் உபத்திரவம் இணைப்போடு நின்றுவிடுவதில்லை. இரட்டிப்பு விசையோடு சீறி வரும் மோட்டாரின் சிறு பற்சக்கரம் எஞ்சினின் வளையச் சக்கரத்தை மோதும் மோதலில் பற்கள் உடைகின்றன. வளையச் சக்கரத்தை மாற்ற வேண்டுமானால் டிராக்டரையே நடுவில் இரண்டாகப் பிரித்தாக வேண்டும். அது ஒரு நாள் வேலையன்று. வண்டியிலேயே இருக்கும் 12 வோல்ட் பாட்டரியைக் கழற்றாமல் அதன் முனைகளின் மேலேயே லோரியின் வயரைக் கவ்வுகிறார்கள். தன் சக்திக்கு மிஞ்சிய மின்சாரம் புகுந்த பாட்டரி கொதித்து, ஹைட்ரஜன் வாயுவைக் கக்குகிறது. அந்த வேளையில் வயரைப் பிடுங்கும்போது பிறக்கும் பொறி ஒன்றே போதும், பாட்டரி வெடித்துக் கந்தக அமிலம் முகத்தில் தெறிப்பதற்கு. கண்ணாடி அணிந்து இந்தக் காரியத்தைச் செய்கிற ஒருவரையும் நான் கண்டதில்லை.

அனுபவசாலிகள் இந்த இடத்தில் ஒரு துருப்புச் சீட்டை எடுப்பார்கள். அமெரிக்காவின் பழைய போர்ட் 8என் டிராக்டர் 6 வோல்ட்டில் ஓடியது. அதற்கு 12 வோல்ட் கொடுத்து ஸ்டார்ட் செய்வதை அந்நாட்டு விவசாயிகள் பல்லாண்டு காலமாகச் செய்துவருகிறார்கள். அங்கே இரட்டிப்பு மின்னழுத்தம் ஒரு தீங்கும் செய்யவில்லையே என்பர். உண்மைதான், செய்கிறார்கள். ஆனால் அது பெட்ரோல் எஞ்சின், சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, சுழற்றுவதற்கு வேண்டிய விசையும் குறைவு, 6 வோல்ட்டுக்கென்று மிகத் தடித்த கேபிள் இட்டிருந்தார்கள். விவரம் அறிந்தவர்கள் அங்கேயும் விளக்குகளை அணைத்துவிட்டுச் சில விநாடிகளுக்கு மேல் கையை வைப்பதில்லை. உறைபனிப் பிரதேசத்தில், வேறு வகை எஞ்சினுக்கு, ஆபத்தை அறிந்து செய்யும் ஒரு சலுகையை, உஷ்ணப் பிரதேசத்து டீசலுக்கு நித்திய விதியாக்குவது எந்தத் தர்க்கத்தில் சேரும்?

சரி, 24 வேண்டாம், காரிலிருந்து 12 வோல்ட்டே கொடுக்கிறோம் என்று இணங்கி வருகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. கறுப்பு வயரின் கடைசிக் கவ்வியை எஞ்சின் இரும்பில் மாட்டு என்ற உபதேசம் இக்காலத்துக் கார்களுக்குச் சரியே. பழைய பிரிட்டிஷ் டிராக்டர்களில் பல, பாட்டரியின் நேர்முனையை உடலோடு இணைத்தவை. அவற்றில் இரும்புடல் என்பது நேர்முனை. அங்கே கறுப்பை உடலில் மாட்டினால் நேர் எதிர் இரண்டும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும். காரின் பம்பரும் டிராக்டரின் முன்சட்டமும் உரசி நின்றால், சிவப்பு வயரை மாட்டிய மாத்திரத்தில், கறுப்பு வயரின் தயவில்லாமலே அந்த மோதல் நிகழலாம். எந்த முனை உடலுக்குப் போகிறது என்று பாட்டரியிலிருந்து வயரைக் கண்ணால் தொடர்ந்து பார்த்த பிறகே கவ்வியைக் கையில் எடுக்க வேண்டும். யாரோ நடுவில் பாட்டரியைத் திருப்பி வைத்து, டைனமோவுக்குப் புதுத் துருவம் ஊட்டாமல் விட்டிருந்தால், தொல்லை இன்னொரு மடங்கு.

இவ்வளவையும் விட எனக்குக் கோபமூட்டுவது, இந்த அவசர வைத்தியத்தோடு கூடவே வளர்ந்துவிட்ட ஸ்குரூ டிரைவர் வழக்கம். சாவியைத் திருப்பினால் மோட்டார் அசையவில்லை என்றால், டிரைவர் கீழே இறங்கி, மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஸ்குரூ டிரைவரின் அலகால் இணைத்துவிடுகிறார். அந்தக் காலத்துப் படைப்பாளிகள் இதை எதிர்பார்க்காமலில்லை. சாம்பல் நிறத்துப் பெர்குசன் டி.இ.20 டிராக்டரில் கியர் கம்பியை எஸ் என்ற இடத்துக்குக் கொண்டு சென்றால்தான் ஸ்டார்ட்டரே இயங்கும். அங்கே வண்டி கியரில் இருக்க வழியே கிடையாது. 35, 135 ஆகியவற்றிலும் வேகப் பகுப்புக் கம்பி நடுநிலையில் நிற்காவிட்டால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகாதபடி ஒரு சிறு பாதுகாப்புச் சுவிட்சு வைத்தார்கள். அலகால் இணைக்கிறவர் அந்தச் சுவிட்சைத் தாண்டிக் குதித்துவிடுகிறார். டீசல் எஞ்சினுக்கு உஷ்ணப் பிரதேசம் இணக்கமான சூழ்நிலை என்று மேலே சொன்னேன் அல்லவா? கியரில் கிடந்த டிராக்டர் பிடித்துக்கொண்ட கணத்திலேயே நகரும். ஸ்டார்ட்டரின் பக்கத்தில் குனிந்து நிற்கிறவர் பெரிய பின்சக்கரத்தின் பாதையில் நிற்கிறார். உலகெங்கும் டிராக்டர் ஏறி மாண்டவர்களின் வரலாற்றில் இது நன்கு அறியப்பட்ட ஒரு மரண வகை. பல இடங்களில் அந்தச் சுவிட்சின் இரு முனைகளும் வேண்டுமென்றே வயரால் இணைத்து மூடப்பட்டிருக்கின்றன. காரணம் கேட்டால், அது தொந்தரவு செய்தது என்பார்கள்.

நேரமில்லை என்ற கடைசி அரணுக்கு விடை சொல்லிவிட்டால் என் வழக்கு முடிந்தது. சில பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் மின்னளவுமானி ஒன்று போதும். எஞ்சின் பிடிக்காதபடி எரிபொருள் நிறுத்தும் குமிழை இழுத்து வைத்து, ஒருவர் ஸ்டார்ட் செய்யட்டும். மற்றவர் மானியின் ஒரு முனையைப் பாட்டரியின் ஈயத்தண்டின் மேலேயே வைத்து, கவ்வியின் மேல் அன்று, மறு முனையை மோட்டாரின் மின்வாயில் வைக்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் போக்குப் பாதையில் கோளாறு. அடுத்து, பாட்டரியின் மற்றத் தண்டுக்கும் எஞ்சின் இரும்புக்கும் நடுவே அதேபோல் பார்க்கட்டும். அங்கே அரை வோல்ட் மிஞ்சினால் திரும்பு பாதையில் கோளாறு. என் அனுபவத்தில் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். மானி இல்லாதவர் ஐந்து விநாடி சுழற்றிவிட்டு, பாட்டரியைத் துண்டித்து, ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுப் பார்க்கலாம். சுடுகிற இணைப்பே குற்றவாளி. அதைக் கழற்றி, வெறும் உலோகம் பளிச்சிடும் வரை சுரண்டி, முடுக்கி, மேலே கிரீஸ் பூச அரை மணி போதும். லோரியை வரவழைத்து, வயர் தேடி, ஆளுக்கொரு யோசனை சொல்லிக் கூச்சலிடுவதற்கு அதற்குக் குறையாத நேரம் ஆகிறது.

பாட்டரியே தேய்ந்துபோயிருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. உஷ்ணம் பாட்டரியின் ஆயுளைக் குறைக்கும். அதனால்தான் வெப்ப நாடுகளுக்கென்று அமிலத்தின் அடர்த்தியை 1.240 அளவுக்குத் தணித்து நிரப்புகிறார்கள். இரவெல்லாம் ஓய்ந்த பிறகு 12.6 வோல்ட்டுக்குப் பதிலாக 12-ஐயே காட்டும் பாட்டரியை முதலில் சார்ஜ் செய்து பார்ப்பதும், அப்படியும் தாங்காவிட்டால் மாற்றுவதும் முறை. அதற்கும் இரட்டைப் பாட்டரிக்கும் சம்பந்தமில்லை. அந்த ஒரு காலைக்கு வேறு வழியே இல்லையென்றால், லோரியின் இரண்டு பாட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை எடுக்கலாம்; இரண்டு முனைகளும் ஒரே பாட்டரியின் மேல் இருக்க வேண்டும், அவ்வளவே, லோரியின் உடலும் டிராக்டரின் உடலும் தொட்டுக்கொள்ளாமல். ஆனால் ஸ்குரூ டிரைவரை மட்டும் எந்த அவசரத்திலும் அனுமதிக்க இயலாது. 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வேலை செய்விக்கிறவர் மேல் சுமத்தும் கடமையில், டிராக்டரின் பாதுகாப்புச் சுவிட்சும் அடக்கம். அதை வயரால் மூடியவர் டிரைவராக இருக்கலாம். மூடியிருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே வேலைச் சீட்டில் கையொப்பமிடுகிறவர் நிர்வாகத்தின் ஆள். அந்தக் கையொப்பத்துக்கு முன்னால் வயரைக் கழற்றச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.